ஜேன் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை

ஹிஃப்ஸாவுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவள் பாடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். பக்கத்து அறையில் நான் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். என் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி ஓர் அமைதி இருப்பது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்ததுண்டு. அஜ்மானில், பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்தும் ஒரு தனியார் பள்ளிக்கூடம் அது. அவள் வரலாறு, நான் கணக்கு. என்னைவிடப் பத்து வயது சின்னவள் என்பதால் என்னை "சரோஜாக்கா" என்பாள்.

அவளுக்குப் பூர்வீகம் கீழக்கரை. வாப்பா அல் ஐனில் துணிக்கடை வைத்திருக்கிறார்; அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். சென்னையில் வரலாறு படித்துவிட்டுத் திரும்பியவளை அஜ்மானில் மெத்தைக் கம்பெனி நடத்திய நூஹுவின் மகன் ஜைத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜைத்துக்கு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. மாமனார் நூஹு, மாமியார் ஜுலைஹா பீவி, இவர்கள் இரண்டு பேர் என்று ஒரே ஃப்ளாட்டில் குடித்தனம். நல்ல குடும்பம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் இரண்டு முறை நோன்பு திறக்கப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். நூஹு கையாலேயே எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

குளிர்கால விடுமுறை முடிந்து வந்ததும் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலாந்தின் டியூடர் அரசர்கள் பாடம். ஹிஃப்ஸா வகுப்புச் சுவரில் ஒரு பச்சைத் தாளை ஒட்டி, யாருக்கு என்ன சந்தேகமோ துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் ஒட்டச் சொன்னாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ராஜா ராணி என்றால் கேள்விக்குப் பஞ்சமா? எட்டாம் ஹென்றி ஏன் ஆறு பேரைக் கட்டினான்? ஆன் பொலினுக்குக் கையில் ஆறு விரலாமே, நிஜமா? ரத்த மேரியும் ஸ்காட்லாந்து ராணி மேரியும் ஒரே ஆளா? எலிசபெத் ஏன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை?

ஒரு நாள் எனக்கு அந்த நேரத்தில் வகுப்பு இல்லை. பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆறு விரல் கதையை எழுதியவர் ஆன் பொலினைக் கண்ணால் பார்த்தவரே இல்லை," என்றாள் ஹிஃப்ஸா. "அவள் செத்துப் பல வருஷம் கழித்து, அவளைப் பிடிக்காத ஒருவர் எழுதியது. ஒருத்தியைக் கொன்றாகிவிட்டது என்றால், கொன்றது சரிதான் என்று காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா?"

அவளை வாளால் வெட்டினார்களா, கோடரியாலா என்று ஒரு பையன் கேட்டான். வாளால்தான் என்றாள். அதற்காகவே பிரான்ஸ் பக்கத்திலிருந்து கைதேர்ந்த ஒருவனை வரவழைத்தார்கள் என்றும், விசாரணை முடிவதற்கு முன்பே அவனுக்கு ஆள் போய்விட்டது என்று சில வரலாற்று ஆசிரியர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். ஊர் உலகத்துக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. வெட்டுகிறவன் ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருக்கிறான்.

எலிசபெத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் இன்னும் தணிந்தது. "ஏன் கல்யாணம் செய்யவில்லை என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வருகிற புருஷன் ராஜாவாகப் பார்ப்பான் என்ற பயம் இருந்திருக்கும். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மூன்று வயது நிரம்பும் முன்னே அப்பா அவள் அம்மாவைக் கொன்றார். எட்டு வயதில் ஒரு சிற்றன்னையையும் கொன்றார். கல்யாணம் என்றால் அந்தக் குழந்தைக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்?"

அந்த வாரம்தான் அவள் வீட்டில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

நூஹுவின் மெத்தைக் கம்பெனி அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பெரிய ஷெட். ஃபோம் வெட்டி, பசை ஒட்டி, உறை தைத்து மெத்தையும் சோபாவும் செய்வார்கள். லைசென்ஸில் மேனேஜர் என்று இருந்தது நிஜாம் என்பவரின் பெயர். நூஹுவுக்குத் தம்பி முறை. அந்த நிஜாம் திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு பஹ்ரைனுக்குப் போய், மனாமாவில் குதைபியாவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என்ன சண்டை, எதனால் போனார் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்று ஒரு பெயர் வேண்டும்.

"என் பேருல ஏற்கெனவே ரெண்டு கடை லைசென்ஸ் ஓடுதும்மா. ஜைத்துக்கு அவன் கம்பெனி விடாது," என்றாராம் நூஹு. "நீ நம்ம வீட்டுப் பிள்ளை. சும்மா பேருக்குத்தான். ஒரு வேலையும் பார்க்க வேணாம், ஷெட் பக்கமே நீ வர வேணாம்."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே மாமா," என்றிருக்கிறாள்.

"தெரிய வேணாம்னுதானே சொல்றேன்."

அவள் யோசிக்கிறேன் என்றாள். மறுநாள் மாமியார் கேட்டார். அதற்கடுத்த நாள் ஜைத் கேட்டான். அல் ஐனிலிருந்து அவள் வாப்பாவே போன் செய்து, "சம்பந்தி கேட்கிறார், மறுத்தால் நல்லா இருக்காது, ஒரு கையெழுத்துத்தானே" என்றார். யாரும் அதட்டவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அரசாங்க மனுக்கள் தயாரிக்கும் டைப்பிங் சென்டரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ஜுலைஹா பீவி இனிப்புக்கு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும் நூஹு எழுந்து நின்று, "வாங்க மேனேஜரம்மா" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் இதைச் சொல்லும்போது, "ஏன்னு தெரியலக்கா, அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கல" என்றாள்.

அதன் பிறகுதான் வகுப்பில் ஜேன் கிரேயின் பாடம் வந்தது.

பையனாகவே அரியணை ஏறிய ஆறாம் எட்வர்ட் நோயில் சாகக் கிடக்கிறான். அவனுக்குப் பிறகு வர வேண்டியவள் அக்கா மேரி. ஆனால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த பிரபு ஒருவர் தன் மகனுக்கு ஜேன் என்ற பெண்ணை அவசரமாகக் கட்டிவைக்கிறார். எட்வர்டின் உயிலில் வாரிசாக ஜேனின் பெயர் ஏறுகிறது. பதினாறு, பதினேழு வயதுப் பெண். ஒன்பது நாள் ராணி. பிறகு மேரி ஜெயித்தாள். முடிசூட்டு விழாவுக்காகத் தங்கவைத்த அதே லண்டன் கோட்டை ஜேனுக்குச் சிறையாகிவிட்டது. சில மாதம் கழித்து அங்கேயே தலையை வெட்டினார்கள்.

அந்த வகுப்பில் ஆமிரா என்று ஒரு சிரியாக்காரப் பெண் குழந்தை. பச்சைத் தாளில் அவள் ஒட்டிய கேள்வி இது: ஜேன் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?

"சொன்னாள்," என்றாள் ஹிஃப்ஸா. "அழுதாள். மேரிக்குத்தான் உரிமை என்றாள். ஆனால் அவளைச் சுற்றி நின்றவர்கள் அப்பா, அம்மா, மாமனார், புருஷன்."

"ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடவில்லையா, மிஸ்?"

"இல்லை. சரி என்று சொல்கிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்."

சொல்லிவிட்டு அவள் பலகையைத் துடைக்கத் திரும்பினாளாம். பலகையில் துடைக்க ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு குழந்தை ஹென்றியின் ஆறாவது மனைவி எப்படித் தப்பித்தாள் என்று கேட்டிருந்தது. அவளைக் கைது செய்யக் காகிதம் தயாரானது முன்கூட்டியே அவள் காதுக்கு எட்டிவிட்டது, அதனால் ராஜாவிடம் பணிந்து பேசித் தப்பித்தாள் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும்போதே தனக்கு ஒன்று உறைத்தது என்றாள் ஹிஃப்ஸா. நிஜாம் சாச்சா ஏன் போனார் என்று தான் யாரையும் கேட்கவே இல்லையே.

மதிய இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் குதைபியாவுக்குப் போன் செய்தாள்.

"உன் பேரையா போட்டாங்க?" என்றார் நிஜாம். பிறகு, "ஷெட்டுக்கு மேல ஆளுங்க தூங்குறாங்க, பார்த்தியா நீ?" என்றார்.

"இல்ல சாச்சா. ஷெட் பக்கம் வர வேணாம்னு மாமா சொன்னாங்க."

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க. போய்ப் பாரு பிள்ளை. பார்த்துட்டு என்ன செய்யணுமோ செய். என்னை இதுல இழுத்துடாதே." போனை வைத்துவிட்டார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் என் காரில் இரண்டு பேரும் போனோம். ஷெட் இருந்த தெரு முழுக்கப் பெயிண்டும் மரத்தூளும் கலந்த வாடை. உள்ளே நுழைந்தால் பசை நெடி கண்ணைக் கரித்தது. ஆளுயரத்துக்கும் மேலே, கூரையைத் தொடுகிற அளவுக்கு மஞ்சள் ஃபோம் அடுக்கியிருந்தார்கள். நடுவே கட்டிங் மெஷின். ஓர் ஓரத்தில் குறுகலான இரும்புப் படி. அதில் ஏறிப் போனால் பலகை போட்ட மேல்தட்டு. அங்கே வரிசையாகக் கட்டில்கள், கயிற்றில் துணி, ஒரே பிளக்கில் நாலைந்து வயர். எலெக்ட்ரிக் அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே முழுவதும் ஃபோம், மேலே மனிதர்கள்.

அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், பெயர் ராமையா. கூடவே அன்பரசன் என்று ஓர் இளைஞன், அரியலூர். கட்டிங் மெஷின் அவன் பொறுப்பு.

"புது மேனேஜர் லேடின்னாங்க. நீங்கதானாம்மா?" என்றார் ராமையா. "உக்காருங்க, டீ போடுறேன்."

"தங்குறதுக்கு லேபர் கேம்ப் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள் ஹிஃப்ஸா.

"இருந்துச்சும்மா. போன வருசம் அதைக் காலி பண்ணிட்டு இங்கேயே இருங்கன்னுட்டாக. அது கெடக்கட்டும். அந்தப் பின்வாசல் சாவியை மட்டும் வாங்கிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்."

பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு இருந்தது. பூட்டியிருந்தது. கதவு தெரியாதபடி அதன் முன்னாலும் ஃபோம். ஏதாவது ஒன்று ஆகி முன்பக்கம் அடைபட்டால் எப்படி வெளியே வருவீர்கள் என்று நான் கேட்டேன். அன்பரசன் சிரித்தான். "அதைத்தான் நிஜாம் சாரும் கேட்டாரு மேடம். அப்புறம் அவரே வெளிய போயிட்டாரு."

இரவுச் சாப்பாட்டில் ஹிஃப்ஸா மாமனாரிடம் சாவி கேட்டாள். பின்வாசல் வழியாகச் சரக்கு திருட்டுப் போகிறது, அதனால்தான் பூட்டு என்றார் நூஹு. சிரித்த முகம் மாறவில்லை. "ஷெட்டுக்குப் போக வேணாம்னு சொன்னேனேம்மா," என்றார். அடுத்த நாளும் கேட்டாள். அப்போது அவர் குழம்பை அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். ஜைத் அறைக்குள் வந்து, "வாப்பாகிட்ட எதிர்த்துப் பேசாதே" என்றான். லைசென்ஸிலிருந்து பெயரை எடுக்க வழி உண்டா என்று டைப்பிங் சென்டரில் கேட்டுப் பார்த்தாள். உங்கள் இடத்துக்கு இன்னொருவர் சம்மதித்து வர வேண்டும் என்றார்கள். வருகிறவர் யார்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் பாதி நாள்தான். ஜும்ஆ தொழுகைக்கு வீட்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், அவள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, ஜேன் அந்த ஒன்பது நாள்ல ஒரு காரியம் செஞ்சா தெரியுமா? புருஷனுக்கு ராஜா பட்டம் குடுன்னு அத்தனை பேரும் நெருக்கினாங்க. முடியாதுன்னுட்டா. கையெழுத்து அவளோடதுதானே. அதை வச்சு ஒண்ணே ஒண்ணையாவது தடுத்தா."

"நீ என்ன பண்ணப் போற?"

"பூட்டை உடைக்கப் போறேன்."

பூட்டு ரிப்பேர் செய்யும் பாகிஸ்தானி ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். கட்டர் வைத்து அறுத்தார். ராமையாவும் அன்பரசனும் மற்றவர்களும் ஃபோமை இழுத்து வெளியே போட்டார்கள். கதவு திறந்ததும் பின்சந்தின் வெளிச்சம் சட்டென்று உள்ளே விழுந்தது. "யாரும் இனிமே மேல படுக்கக் கூடாது. ரூம் ஏற்பாடு பண்றவரை மாமாவோட கடை குடோன்ல படுங்க," என்றாள். மேனேஜராக அவள் போட்ட உத்தரவு அது ஒன்றுதான். அவர்களும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிளம்பினார்கள்.

நூஹு சாயங்காலமே குடோனுக்கு வந்துவிட்டார். அவளிடம் கத்தவில்லை. வேலையாட்களைப் பார்த்துத்தான் பேசினார். "யல்லா, கிளம்புங்க, சாமானை எல்லாம் திரும்ப ஷெட்டுல மேல ஏத்துங்க. வீட்டுப் பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னதை நெசம்னு எடுத்துக்கிட்டீங்களா?" மறுநாள் பின்கதவில் புதுப் பூட்டு. முன்னதைவிடப் பெரியது.

அவளிடம் அவர் சொன்னது வேறு. "கொஞ்ச நாள் அல் ஐன்ல வாப்பா வீட்டுல இருந்துட்டு வாம்மா. உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே." அந்தக் குரலில் இருந்த மென்மைதான் அவளைப் பயமுறுத்தியது. அவளுடைய பாஸ்போர்ட் அவர் அறை அலமாரிக்குள் இருந்தது. விசா ஜைத்தின் பேரில். அந்த வீட்டில் தான் நிற்கும் தரை யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது என்றாள்.

அவள் அல் ஐன் போகவில்லை. "அந்தக் கதவு திறக்கலைன்னா தீயணைப்பு பாக்குற சிவில் டிஃபன்ஸ்ல நானே போய் என் கம்பெனி மேல புகார் குடுப்பேன்," என்று ஜைத்திடம் சொன்னாள்.

ஜைத் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். பயந்தவன். "ஒரு வாரம் குடு ஹிஃப்ஸா. நான் வாப்பாகிட்ட பேசுறேன். வெளியே போச்சுன்னா குடும்பமே சந்தி சிரிச்சுடும். ஒரே ஒரு வாரம்."

அவள் சம்மதித்தாள்.

அந்த வாரம் வகுப்பில் டியூடர் பாடத்தின் கடைசிப் பகுதி. நான் தினமும் அவள் முகத்தைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவாள், இன்னும் இல்லை என்று. ஜைத் ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பேசுகிறேன் என்றான். பேசினானா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வாரம் முடியவில்லை. ஒரு மதியம், பிள்ளைகள் ராணிகளின் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக இண்டஸ்ட்ரியல் ஏரியாப் பக்கம் கரும்புகை எழும்புவது தெரிந்தது. அந்தப் பக்கம் புகை புதிதல்ல; எங்கேயாவது எதையாவது எரிப்பார்கள். ஆனால் இது நேராக, தடியாக, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஹிஃப்ஸா என் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அன்பரசனின் எண்.

பசை கலக்கும் இடத்தில் வயர் உருகிப் பற்றியதாம். ஃபோமில் தீ ஏறினால் நின்று பார்க்க நேரம் கிடையாது. கீழே வேலையில் இருந்தவர்கள் முன்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டார்கள். ராமையா காய்ச்சலென்று மேலே படுத்திருந்தார். இரும்புப் படி இருந்த பக்கம்தான் முதலில் எரிந்தது. மேல்தட்டின் பின்முனையிலிருந்து குதித்துப் பின்கதவுக்கு வந்திருக்கிறார். வெளியே சந்தில் அன்பரசனும் மற்றவர்களும் இரும்புக் குழாயால் பூட்டை அடித்தார்கள். உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டியது அவர்களுக்குக் கேட்டது. பூட்டு விழவில்லை. பிறகு தட்டுவது நின்றுவிட்டது.

நூஹு அன்றைக்கே சென்னை விமானத்தில் ஏறிவிட்டார். அவரைத் தடுக்க அந்த நேரத்தில் யாரிடமும் காரணம் இல்லை. காகிதத்தில் இருந்த பெயர் வேறு. போலீஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மிகவும் மரியாதையாக, மேனேஜர் யார் என்று கேட்டது. ஹிஃப்ஸா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜாமீனுக்கு, நூஹுவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்த அவள் பாஸ்போர்ட்டோடு அவள் வாப்பாவும் தன்னுடையதைக் கொடுத்தார். அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் போன் செய்தவர் அல்லவா? ஸ்டேஷன் வாசலில் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜுலைஹா பீவி அடுத்த வாரம் ஊருக்குப் போனார். ஜைத் ஷார்ஜாவில் நண்பன் ஒருவனின் ரூமுக்குப் போய்விட்டான். ஒரே ஒரு முறை வக்கீலோடு வந்தான்.

வக்கீல் சொன்னது சுலபமான வழி. "நீங்கள் டீச்சர். பேருக்குக் கையெழுத்துப் போட்டவர். ஷெட்டில் ஆள் தூங்குவது உங்களுக்குத் தெரியாது, பூட்டைப் பற்றியும் தெரியாது. இதை மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்."

ஜைத்தும் கெஞ்சினான். "தெரியாதுன்னு சொல்லு, கலாஸ், அதோட முடிஞ்சுடும்."

அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுச் சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில். "எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னா, சாவி கேட்டோம்னு அன்பரசன் சொல்றது பொய்யாயிடும் அக்கா. மேல படுக்கச் சொன்னது யாருன்னு கேட்டா, அவங்களாவே போய்ப் படுத்தாங்கன்னு ஆயிடும். மாமாவும் அதைத்தான் அங்கிருந்து சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"சொன்னா நீ மாட்டிக்குவியே."

"எனக்குத் தெரியும்தானே. ஒரு வாரம் குடுத்தவ நான்."

நான் அவளைத் தடுக்கப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். அவள் அரசுத் தரப்பு அதிகாரியிடம் போய் நடந்தது அத்தனையும் சொன்னாள். நிஜாமுக்குப் போன் செய்தது, சாவி கேட்டது, பூட்டை அறுத்தது, மாமனார் ஆட்களைத் திரும்ப மேலே ஏற்றியது, புகார் கொடுக்காமல் தான் காத்திருந்தது. அன்பரசனும் சொன்னான். வேலை போகும், விசா போகும் என்று தெரிந்தே சொன்னான். அவனோடு இருந்த மற்றவர்களில் இரண்டு பேர் முதலில் தயங்கி, பிறகு சேர்ந்துகொண்டார்கள். நிஜாம் வரவில்லை. அவள் எத்தனை தடவை அழைத்தும் போனை எடுக்கவில்லை.

விசாரணை நடந்த மாதங்களில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடம் சம்பளமில்லாத விடுப்பு என்றது. ஃப்ளாட்டின் சாவியை வாட்ச்மேன் கேட்டு வாங்கிக்கொண்டார். அல் ஐனுக்குப் போய்விட்டாள். விசாரணை நாட்களில் மட்டும் அங்கிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்குவாள். பழைய கேள்விகளையே வைத்துக்கொண்டு புரட்டுவாள். "ஜேனோட மாமனாரைத்தான் முதல்ல வெட்டினாங்க அக்கா. மன்னிப்புக் கிடைக்கும்னு கடைசியில மதத்தையே மாத்திக்கிட்டார். கிடைக்கல. இவளுக்கோ பிழைச்சுடுவோம்னு சில மாசம் நம்பிக்கை இருந்துச்சு. அதுதான் கொடுமை." மேரி அவளைக் கொல்ல விரும்பவில்லை என்றும், ஜேனின் அப்பா ஒரு கலகத்தில் சேர்ந்ததும் அவள் கதை முடிந்தது என்றும் சொன்னாள். கண்ணைக் கட்டிய பிறகு தலை வைக்கும் கட்டை எங்கே என்று தெரியாமல் காற்றில் கையை நீட்டித் துழாவினாளாம் அந்தப் பெண். யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாராம். "இதைப் பிள்ளைங்ககிட்ட நான் சொல்லல," என்றாள்.

இதற்கெல்லாம் முன்னே, ஜாமீனில் வந்த கையோடு, ராமையாவின் மனைவி வீரம்மாளிடம் பேச வேண்டும் என்று அவளே அன்பரசனிடம் எண் வாங்கினாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள், தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை போலும்.

"அவரு சாகுறதுக்கு மொத நா பேசுனாரு," என்றார் வீரம்மாள். அழுகை இல்லை, வறண்ட குரல். "புதுசா ஒரு அம்மா வந்துச்சு, கதவைத் தொறந்து விட்டுச்சு, மறுபடி அடைச்சுப்புட்டாகன்னாரு. அந்த அம்மா நீங்கதானா?"

"ஆமாம்மா."

"மறுபடி ஏன் தொறக்கல?"

வீரம்மாள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. பிறகு, உடல் வரும் பெட்டி எப்போது மதுரைக்கு வரும் என்று கேட்டார். அந்தக் காகித வேலை எல்லாவற்றையும் ஹிஃப்ஸாவும் அன்பரசனும்தான் அலைந்து முடித்தார்கள்.

தீர்ப்பு வெயில் காலத்தில் வந்தது. தெரிந்தும் தடுக்கத் தவறியதற்காக அவளுக்குச் சிறைத்தண்டனை. ஆனால் அவள் செய்தது, சொன்னது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதை நிறுத்தி வைத்தார்கள். நூஹு இல்லாமலேயே அவருக்கு நீண்ட தண்டனை. அவர் இனி இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. ராமையாவின் குடும்பத்துக்கு நஷ்டஈடு போய்ச் சேர்ந்தது. அன்பரசனுக்கு ராஸ் அல் கைமாவில் வேறு வேலை கிடைத்தது. போன ஆவணியில் அவனுக்குக் கல்யாணமும் ஆனது. ஜைத் பிரிந்துவிட்டான். அவன் சொல்லி அனுப்பியது, "வாப்பாவை நீ காட்டிக்கொடுத்தே" என்ற ஒரே வரி. அதைப் படித்துவிட்டு ஹிஃப்ஸா போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு மேல் அவனைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கீழக்கரையில் நூஹு பெரிய வீடு கட்டுகிறார் என்று கேள்வி. அங்கிருந்து தெரியாத எண்களிலிருந்து அவளுக்கு அவ்வப்போது அழைப்பு வருகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. போலீஸில் சொல்லு என்றால், என்னவென்று சொல்வது என்கிறாள். ஊருக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் அவள் அல் ஐனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். வழக்கு விவரம் அத்தனையும் சொல்லித்தான் சேர்ந்தாள். நேர்முகத்தில் அந்தத் தலைமை ஆசிரியை நெடுநேரம் அவளைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுங்கள் என்றாராம். இரண்டாம் வகுப்பு. அவர்களுக்கு இந்தப் பருவத்தில் லண்டன் மாநகரம் எரிந்த கதை பாடம். அட்டையில் வீடுகள் செய்து, மைதானத்தில் வைத்து, தண்ணீர் வாளியோடு ஆசிரியர் கொளுத்திக் காட்டுவார். பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்வதுதான்.

எப்படி நடந்தது என்று போன வாரம் கேட்டேன்.

"கொளுத்துறதை வேற டீச்சரைச் செய்யச் சொல்லிட்டேன் அக்கா," என்றாள். "அட்டை வீடு மட்டும் பிள்ளைங்களோட சேர்ந்து செஞ்சேன்."

"அதுவரைக்கும் நல்லது."

"ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னாடி ஒரு வாசல் வெட்டச் சொன்னேன். ஏன் மிஸ்னு கேட்டாங்க. வெட்டுங்கன்னு மட்டும் சொன்னேன்."